அனாமத்துக் கணக்கு

பி.காம். படிக்கும்போது எங்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். டிரயல் பேலன்ஸ் போடுகிறீர்கள். பற்றும் வரவும் ஒத்து வரவில்லை. 317 ரூபாய் இடிக்கிறது. எங்கே தவறு என்று தெரியவில்லை. தேட நேரமும் இல்லை. அப்போது அந்த 317 ரூபாயைத் தூக்கி ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டு மேலே போகலாம். அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழில், அனாமத்துக் கணக்கு. தவறு தெரிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். 'தற்காலிகம்' என்று எழுதி, எங்கள் பேராசிரியர் போர்டில் இரண்டு முறை அடிக்கோடு போடுவார்.

317 ரூபாய்க்கு அது சரி. வாழ்க்கையில் ஆறு வருடத்தைத் தூக்கி அனாமத்தில் போட்டால்?

அப்படிப் போட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம். கூடவே ஒரு கேள்வி. பிழைக்கப் போன ஊரில் கடவுளை இறுகப் பிடித்துக்கொள்வது பலமா, தப்பித்தலா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. கோயிலுக்கும் அம்மா கூப்பிட்டால் போகிற ஆசாமி. ஆனால், பாளையங்கோட்டையில் படித்ததால் கிறிஸ்தவ நண்பர்கள் அதிகம். அதில் ஒருவனுடைய அக்கா, நர்ஸ். சாத்தான்குளம் பக்கம் ஊர். அப்பாவின் கருப்பட்டி வியாபாரம் நொடித்து, வீட்டின் மேல் கடன் ஏறியிருந்த சமயத்தில் அக்காவுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. வருடம் 1996. ஒப்பந்தம் இரண்டு வருடம்.

வழியனுப்ப நாங்களும் வேனில் திருவனந்தபுரம் வரை போனோம். வேன் கிளம்பும் முன் சபை ஐயர் வந்து ஜெபம் செய்தார். (அந்தப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.) அக்கா பைபிளுக்குள் ஓர் அட்டையைச் சொருகிக்கொண்டது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொன்று கொடுப்பார்களே, வாக்குத்தத்த அட்டை. அந்த வருடம் அக்காவுக்கு வந்தது எரேமியா 29-ம் அதிகாரம், 11-ம் வசனம். கிறிஸ்தவ வீடுகளில் காலண்டரிலும் சுவரிலும் நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். உங்களைப் பற்றி நான் நினைத்து வைத்திருப்பதெல்லாம் நல்லதுக்குத்தான், கெடுதிக்கு இல்லை என்று கடவுள் சொல்வதாகப் பொருள் வரும்.

"ரெண்டே வருஷம்லே. கடனை அடைச்சிட்டு வந்துருவேன்" என்றது அக்கா. ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றும் இரண்டு விரலைக் காட்டியது.

இரண்டு வருடம், நான்காயிற்று. நான்கு, ஆறாயிற்று. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடன் அடைந்ததும் தங்கச்சி கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் தம்பி படிப்பு. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் "இன்னும் ரெண்டே வருஷம்."

பிற்பாடு அக்கா சொல்லித்தான் எனக்கு அந்த ஆறு வருடத்தின் உள் விவரம் தெரிந்தது. மூன்று பேர் தங்கிய அறை. கட்டிலுக்கு அடியில் பெட்டி. துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கவே இல்லையாம். வேண்டியதை உருவுவது, துவைத்து மறுபடி பெட்டியில் வைப்பது. சுவரில் ஒரு படம் கிடையாது. நல்ல போர்வை ஒன்று வாங்கி, ஊருக்குக் கொண்டுபோக என்று பெட்டிக்குள் வைத்துவிட்டு, நைந்துபோன போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏ.சி. குளிரில் ஒடுங்கிப் படுத்திருக்கிறது. அரபியில் தெரிந்தது பத்துப் பதினைந்து வார்த்தை. எங்கே வலிக்கிறது, சாப்பிட்டாச்சா, திரும்பிப் படுங்கள். "போகப் போற ஊருக்கு எதுக்குப் பாஷை?"

நீங்கள் வெளிநாட்டில் இருந்தவர் என்றால் அந்தப் போர்வையை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, ஜெபம்? அது நிறைய நடந்தது. குவைத்தில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க மிஷனரி டாக்டர்கள் ஆஸ்பத்திரி தொடங்கியிருக்கிறார்கள். அந்த வழியில் வந்த ஆலய வளாகத்தில் இன்றைக்கும் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு கூடுகின்றன. வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் அங்கே வெள்ளிக்கிழமைதான் 'ஞாயிற்றுக்கிழமை'. ஒரு கூட்டம் பாடி முடித்து வெளியே வரும்போது இன்னொரு மொழிக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வாரம் முழுக்க 'சிஸ்டர்' என்று கூப்பிடப்பட்ட ஒரு பெண்ணை அங்கேதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 1999-ல் அப்பா இறந்தபோது அக்காவால் ஊருக்கு வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் அறைக்கு வந்து, விடியும் வரை உட்கார்ந்து மெதுவான குரலில் பாடியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்குக் காலை ஆறு மணிக்கு டியூட்டி. "அன்னிக்கு அவங்க இல்லைன்னா நான் என்னவாயிருப்பேன்னு தெரியலை தம்பி" என்று அக்கா சொன்னபோது, கடவுள் உண்டா இல்லையா என்று வாதாடும் என் வாய் மூடிக்கொண்டது. அந்த ராத்திரி உண்மை. அது போதும்.

ஆனாலும் கேள்வி போகவில்லை. அந்த ஜெபங்களில் அக்கா கேட்டதெல்லாம் என்ன? சீக்கிரம் கூட்டிக்கொண்டு போ. இங்கிருந்து எடு. நாள் சீக்கிரம் ஓடட்டும். விசா கிடைக்க வேண்டும் என்று ஹைதராபாத் அருகே சில்குர் பாலாஜி கோயிலை நம் ஆட்கள் சுற்றுகிறார்கள் இல்லையா, அதே வேண்டுதல், எதிர்த் திசையில். இதில் எந்த மதத்துக்கும் விதிவிலக்கு கிடையாது. கடவுளை நாம் பெரும்பாலும் டிராவல் ஏஜென்டாகத்தான் வைத்திருக்கிறோம்.

2002-ல் ஒரு வெள்ளிக்கிழமை. கன்னியாகுமரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், டிரைவர் வேலை, இருபது வருடமாகக் குவைத்தில் இருப்பவர், அக்காவின் பைபிளில் இருந்த அட்டையைப் பார்த்திருக்கிறார். நிறம் மங்கி, ஓரம் கிழிந்த அட்டை.

"பதினொண்ணாம் வசனம் எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வசனம் படிச்சிருக்கியாம்மா?"

அக்கா அன்று ராத்திரி அதிகாரம் முழுவதையும் படித்தது. நீங்கள் படித்ததில்லை என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ஒரு கூட்டத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறான். அவர்களுக்கு ஊரில் இருந்த எரேமியா என்ற தீர்க்கதரிசி எழுதிய கடிதம்தான் அந்த அதிகாரம். அதாவது, ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடுதாசி.

அதில் என்ன எழுதியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பயப்படாதீர்கள், சீக்கிரம் வந்துவிடலாம் என்றா? இல்லை. அங்கேயே வீடு கட்டுங்கள். தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடுங்கள். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் செய்துவையுங்கள். உங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்கள் நன்றாக இருப்பீர்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு 10-ம் வசனத்தில் குண்டைப் போடுகிறார். திரும்பி வருவது 70 வருடம் கழித்து!

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிதத்தைப் படித்தபோது முப்பது வயதில் இருந்தவனுக்கு அப்போது நூறு வயது. படித்தவர்களில் பெரும்பாலோர் ஊரைப் பார்க்கப் போவதில்லை. அதற்கு அடுத்த வரிதான் நம் காலண்டரில் தொங்கும் நல்ல வார்த்தை. முன் வரியை வெட்டிவிட்டுப் பின் வரியை மட்டும் அட்டையில் அடித்துக்கொண்டோம்.

அக்காவை உலுக்கியது இன்னொன்று. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்று வேறொரு தீர்க்கதரிசி வருகிறார். அவரும் கடவுள் பெயரால்தான் பேசுகிறார். ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி பேசுகிறார். கவலை வேண்டாம், சிறைபிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார். எத்தனை நாளில் தெரியுமா?

இரண்டு வருடத்தில்.

"வேதத்துல எழுதியிருக்கு தம்பி, ரெண்டு வருஷம்னு! அதைச் சொன்னவன் கள்ளத் தீர்க்கதரிசின்னும் எழுதியிருக்கு. ஆறு வருஷமா எனக்குள்ள உக்காந்து பேசிட்டு இருந்தது அவன்தான். நான் ஆண்டவர்னு நெனச்சிட்டேன்."

அன்று ராத்திரி அக்காவுக்குக் கோபம்தான் வந்ததாம். யார் மேல் என்று தெரியாத கோபம். மறுநாள் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கியது. ஊருக்கென்று வைத்திருந்த போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொண்டது. அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் கறிவேப்பிலைக் கன்றும். எரேமியா சொன்ன தோட்டம், பால்கனியில் இரண்டடி. அப்புறம், ஒரு நோட்டு வாங்கி அரபி.

அதுவரை அக்காவின் வார்டில் ஒரு குவைத்திப் பாட்டி அடிக்கடி வந்து படுப்பாராம். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி நச்சரிப்பார். பணக்காரத் திமிர் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாஷை கொஞ்சம் வந்த பிறகு அக்கா கேட்டது, ஏன் வாசலையே பார்க்கிறீர்கள் என்று. பாட்டியின் மகனை 1990-ல் ஈராக் ராணுவம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அந்த ஆக்கிரமிப்பில் காணாமல் போனவர்கள் சுமார் 600 பேர். அவனும் அதில் ஒருவன். பன்னிரண்டு வருடமாகத் தகவல் இல்லை.

பாபிலோன் எங்கேயோ இல்லை. அதன் இடிபாடுகள் பாக்தாத்துக்குத் தெற்கே, இன்றைய ஈராக்கில்தான் இருக்கின்றன. பைபிளில் படித்த அதே திசைக்குத்தான் அந்தப் பாட்டியின் மகனையும் கொண்டுபோயிருந்தார்கள்.

"இந்த ஊர்க்காரங்களுக்குப் பணம் மட்டும்தான் இருக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன் தம்பி. அன்னிக்குத்தான் எனக்குன்னு ஒண்ணுமே கேக்காம ஒரு ஜெபம் பண்ணுனேன்."

இங்கே நான் குறுக்கே விழுந்தேன். நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். "அக்கா, இது அடிமையைப் பார்த்து எஜமானுக்காகப் பிரார்த்தனை செய் என்று சொல்வது மாதிரி இல்லையா? குவைத்தில் 1982-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி முஸ்லிம் அல்லாதவர்கள் குடியுரிமையே வாங்க முடியாது. எத்தனை வருடம் உழைத்தாலும் அக்காமா முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். தன்னைச் சொந்தமாக நினைக்காத ஊரை எதற்குச் சொந்தமாக நினைக்க வேண்டும்?"

அக்காவின் பதில்: "பாபிலோன் மட்டும் அவங்களுக்குக் குடியுரிமையா குடுத்துச்சு?"

இது சாமர்த்தியமான பதில். ஆனால், முழுப் பதில் இல்லை. முழுப் பதில் எனக்கு வேறொரு சம்பவத்தில் கிடைத்தது.

சில வருடம் கழித்து, ஆந்திராவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண் கை எலும்பு முறிந்து அக்காவின் வார்டுக்கு வந்தாள். ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில். திரும்ப அந்த வீட்டுக்குப் போகப் பயந்து நடுங்கினாள். அக்கா சபையில் உதவி கேட்டது. அந்த நல்லவர்களில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடியவர்களில், ஒருவர் சொன்னார்: "நம்ம சபைப் பிள்ளையா இருந்தா பரவாயில்லை. நம்ம ஆளும் இல்லை. நமக்கு எதுக்கும்மா போலீஸ் கேசு?"

அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் அக்காமா இருக்கிறது, ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால், அக்கா கேட்டதாம்: "நம்ம ஆளுன்னா யாரு அண்ணாச்சி?"

பைபிளின் பழைய சட்டங்களில் ஒரு கட்டளை திரும்பத் திரும்ப வருகிறது. அந்நியனை ஒடுக்காதே, அவனை நேசி. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் முக்கியம். நீங்களும் எகிப்தில் அந்நியர்களாக இருந்தவர்கள்தானே! புண்ணியம் கிடைக்கும் என்று ஆசை காட்டவில்லை. ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறது.

அக்காவும், பத்தாம் வசனத்தைக் காட்டிய டிரைவர் அண்ணாச்சியும் சேர்ந்து அந்தப் பெண்ணை இந்தியத் தூதரகத்தின் தங்குமிடத்தில் சேர்த்தார்கள். தூதரகத்தில் பேச, ஆஸ்பத்திரியில் காகிதம் வாங்க, ஸ்டேஷனில் விளக்க, அக்கா கற்றுக்கொண்ட அரபி உதவியது. இரண்டு மாதத்தில் அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். 'போகப் போற ஊருக்கு எதுக்குப் பாஷை' என்று இருந்த பழைய அக்காவாக இருந்திருந்தால், அழுது ஜெபித்திருக்கும். அவ்வளவுதான் முடிந்திருக்கும்.

நகரத்தின் சமாதானத்தைத் தேடுவது என்றால் எஜமானுக்கு ஆமாம் போடுவது என்று நான் நினைத்தது தவறு. எரேமியா எழுதிய ஷாலோம் என்ற எபிரேயச் சொல்லும், அரபியில் சலாம் என்கிறோமே அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. சண்டையில்லாமல் இருப்பது மட்டும் அல்ல, குறையில்லாமல் முழுமையாக இருப்பது என்று பொருள். பாட்டிக்கு மகன் வராத வரையில், வேலைக்காரிக்குச் சம்பளம் வராத வரையில் அந்த ஊருக்குச் சலாம் இல்லை. அதைத் தேடுவது வேலை. கண்ணை மூடிச் செய்வது பாதி, கண்ணைத் திறந்து செய்வது மீதி.

என் கேள்விக்கு வருகிறேன். பலமா, தப்பித்தலா? கேள்வியையே நான் தப்பாகப் போட்டிருக்கிறேன். அனனியாவுக்கும் பக்தி உண்டு, எரேமியாவுக்கும் உண்டு. ஒன்று உங்களை இருக்கிற இடத்திலிருந்து கண்ணை எடுக்க வைக்கிறது. மற்றது இருக்கிற இடத்தைப் பார்க்க வைக்கிறது. இரண்டுமே ஆறுதல் தரும், இரண்டிலுமே கண்ணீர் வரும். ஜெபிக்கிறவருக்கே வித்தியாசம் தெரியாமல் போகலாம். அவருக்கு அடுத்து வந்து இறங்குகிற புதுசுக்குத் தெரிந்துவிடும். சாய்ந்துகொள்ள உங்களுக்குக் கிடைத்த தூண், நாளைக்கு வருகிறவனுக்குச் சுவராக நிற்கிறதா, அவனும் சாய்ந்துகொள்ள இடம் தருகிறதா?

அதற்காக அந்த ஆறு வருடம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அக்காவே சொல்லாது. "அது போனது போனதுதான். கடிதத்தை முதல்லயே முழுசாப் படிச்சிருக்கணும்." கல்யாணம் முப்பத்திரண்டு வயதில், 2004-ல் நடந்தது. மாப்பிள்ளை நாகர்கோவில்காரர், அதே ஊரில் லேப் டெக்னீஷியன். "எரேமியா சொல்லிட்டாரு, மறுக்க முடியுமா?" என்று சிரிக்கும்.

பாபிலோன் கதைக்கும் ஒரு வேடிக்கையான முடிவு உண்டு. கி.மு. 539-ல் பாரசீக ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்து, போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். நிறையப் பேர் போகவே இல்லை. அந்த மண்ணில் யூதர்கள் அதற்குப் பிறகும் சுமார் 2,500 வருடம் வாழ்ந்தார்கள். 1950-51-ல்தான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈராக்கை விட்டுக் கிளம்பினார்கள். நட்ட தோட்டம் அத்தனை காலம் காய்த்திருக்கிறது.

அக்கா 2023-ல் திரும்பி வந்துவிட்டது. மகள் படிப்புக்காகச் சென்னையில் வீடு. குவைத்தில் வைத்த கறிவேப்பிலை மரமாகி, அந்த ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பத்திடம் இருக்கிறது. போன மாதம் பார்க்கப் போனேன். இருபத்தேழு வருடம் கழித்து வந்ததில் இங்கே எதுவும் பிடிபடவில்லை என்று புலம்பும் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் ஆளே இல்லை.

"சர்ச்சுல இருக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா அங்கதான்" என்றார் அத்தான்.

போய்ப் பார்த்தேன். காலை ஆராதனை முடிந்து, தமிழ்ச் சனம் வீட்டுக்குப் போயிருந்தது. பின்னால் இருந்த ஹாலில் மணிப்பூர், மிசோரம் பக்கத்துப் பிள்ளைகள் முப்பது பேர் கிடாருடன் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் ஓட்டல்களிலும் பியூட்டி பார்லர்களிலும் வேலை பார்க்கிறார்களே, அவர்கள்தான். மத்தியானம் இரண்டு மணி நேரத்துக்கு அந்த ஹால் அவர்களுடையது. வாசலில் ஒரு டீ கேனை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தது. குவைத்தில் பழகிய ஹிந்தியில், ஒரு சின்னப் பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த ஊர், எப்போது வந்தாய், சாப்பிட்டாயா, தங்கியிருக்கிற இடத்தில் போர்வை இருக்கிறதா.

"எத்தனை நாள் இருப்ப?" என்றும் கேட்டது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள்.